எடை குறையட்டும், தசை போகக் கூடாது: நடையா, டம்பெல்லா?

போன வருஷம் எட்டு கிலோ குறைந்தேன். காலையில் ஒரு மணி நேரம் நடை, ராத்திரி சாப்பாட்டுக்குப் பதில் இரண்டு வாழைப்பழம். அவ்வளவுதான் என் வைத்தியம். பேன்ட் தொளதொளத்தது, பார்த்தவர்கள் எல்லாம் "சுகர் வந்துடுச்சா?" என்று விசாரித்தார்கள். அதுவாவது பரவாயில்லை. இருபது லிட்டர் தண்ணி கேனை ஒரே மூச்சில் தூக்கிக் கவிழ்த்துக்கொண்டிருந்தவன், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. போன எட்டில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று எடை மெஷின் சொல்லவே இல்லை.

அதனால் முதல் ஒப்பீடு நடைக்கும் எடைப் பயிற்சிக்கும்தான். இதற்கு நல்ல விடை 2017-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில் இருக்கிறது. 65 வயதைத் தாண்டிய, உடல் பருமன் உள்ள 160 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒன்று சும்மா ஒப்பிட்டுப் பார்க்க. மற்ற மூன்றுக்கும் சாப்பாட்டைக் குறைத்து, ஒரு குழுவுக்கு நடை, சைக்கிள் போன்ற ஏரோபிக் பயிற்சி, இன்னொன்றுக்கு எடைப் பயிற்சி, மூன்றாவதுக்கு இரண்டும். ஆறு மாதத்தில் மூன்று குழுவும் சுமார் 9 சதவீதம் எடை குறைந்தன. மெஷினைக் கேட்டால் மூவரும் சமம். ஆனால் கொழுப்பு நீங்கலான உடல் எடை, ஏரோபிக் குழுவில் 2.7 கிலோ போயிருந்தது. இரண்டும் செய்தவர்களுக்கு 1.7 கிலோ, எடை மட்டும் தூக்கியவர்களுக்கு ஒரு கிலோதான். இடுப்பு எலும்பின் அடர்த்தியும் ஏரோபிக் குழுவில்தான் அதிகம் இறங்கியது. ஆனாலும் அன்றாட நடமாட்டத் திறன் மிகவும் தேறியது இரண்டையும் செய்தவர்களுக்கு. எனவே நடையைக் குப்பையில் போட வேண்டாம். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் என் ஓட்டு எடைப் பயிற்சிக்கு. சாப்பாடு குறையும்போது உடம்பு செலவுக் கணக்குப் பார்க்கும். நாம் வேலை வாங்கும் தசையை அவ்வளவு லேசில் விடாது.

நமக்கு இது கூடுதலாக உறைக்க வேண்டும். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் யுட்கினும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்று 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் அதே 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்பில் தசைக் கையிருப்பே பெரும்பாலும் குறைவு. அதிலும் கை வைத்தால்?

வீடா ஜிம்மா என்பதில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. தோப்புக்கரணம், தண்டால் முதல் மூன்று மாதத்துக்குப் போதும். பிறகு அவை சுலபமாகிவிடும். முதுகில் அரிசி மூட்டை கட்டிக்கொள்ள வேண்டும் அல்லது ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டும்.

அடுத்து புரதம். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களுக்கு நான்கு வாரம் 40 சதவீதக் கலோரியைக் குறைத்து, வாரம் ஆறு நாள் கடும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவர்களுக்குத் தசைப்பகுதி 1.2 கிலோ ஏறியது, 1.2 கிராம் சாப்பிட்டவர்களுக்கு இருந்தது அப்படியே நின்றது. அது இளவட்டக் கணக்கு. ஆபீஸ் போய்வருகிறவருக்கு 1.2 முதல் 1.6 போதும் என்பது என் எண்ணம். எழுபது கிலோ ஆளுக்கு 84 கிராமில் தொடங்குகிறது. நாலு இட்லி, சாம்பாரோடு பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது!

எதில் எடுப்பது? முட்டை ஒன்றுக்கு 6 கிராம். உலர்ந்த மீல் மேக்கர் 50 கிராமில் சுமார் 26. விலைக்கு இதை அடிக்க ஆளில்லை, ருசியைப் பற்றிக் கேட்காதீர்கள். பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பவுடர் ஒரு கரண்டியில் 24 வாக்கில், சுலபம், செலவு. சுண்டல் நல்லதுதான், கூடவே மாவுச்சத்தும் வரும். ஏமாற்றுவது வேர்க்கடலை: 100 கிராமில் 25 கிராம் புரதம் என்று சந்தோஷப்பட்டால் 560 கலோரியும் உள்ளே போயிருக்கும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

வேகமா நிதானமா? நார்வேயில் விளையாட்டு வீரர்களை வாரம் 0.7 சதவீதம், 1.4 சதவீதம் என்று இரு வேகத்தில் எடை குறைக்க வைத்தார்கள். இரு பக்கமும் எடைப் பயிற்சி உண்டு. மெதுவாகக் குறைந்தவர்களுக்குத் தசைப்பகுதி கூடவே செய்தது, வேகக்காரர்களுக்குக் கூடவில்லை. எழுபது கிலோவுக்கு அந்த மெதுவான வேகம் வாரம் அரைக் கிலோ. "பத்து நாளில் பத்து கிலோ" விளம்பரங்களை இத்தோடு விட்டுவிடலாம்.

மதியம் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிடும் முறையை 2020-ல் 116 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். மூன்று வேளை சாப்பிட்டவர்களைவிட எடையில் பெரிய லாபம் இல்லை. கைகால் தசை இழப்புதான் கூடுதல். குற்றம் கடிகாரத்தில் இல்லை, விட்டுப்போன காலை முட்டையில் என்று நினைக்கிறேன். எடை குறைக்கப் போடும் செமாக்ளூடைட் ஊசியிலும் கவனம் வேண்டும்: அந்த மருந்தைச் சோதித்த ஸ்டெப் 1 ஆய்வில் ஸ்கேன் எடுத்தவர்களிடம், போன எடையில் கிட்டத்தட்ட 40 சதவீதம் கொழுப்பல்லாத பகுதி. ஊசி போடுகிறவருக்குத்தான் டம்பெல் இன்னும் அவசியம்.

வீட்டு மெஷின் காட்டும் தசை சதவீதத்தை நம்பாதீர்கள். ரெண்டு டம்ளர் தண்ணீருக்கே அது மாறும். இடுப்புக்கு ஒரு அளவு நாடா, பயிற்சிக்கு ஒரு நோட்டு. போன வாரம் 30 தோப்புக்கரணம் போட்டவருக்கு, தூக்கம், உடம்பு எல்லாம் சரியாக இருந்தும் இந்த வாரம் 22-லேயே கால் நடுங்கினால், மெஷின் என்ன காட்டினாலும் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள்.