விரிசல் விட்ட ஜன்னல் கண்ணாடி: ஒட்டி வைத்ததில் எது தாங்கியது, எது தாங்கவில்லை

ஜன்னல் கண்ணாடியில் விரிசல் விழுந்தால் உடனே மாற்றிவிடுவதுதான் சரி. ஆனால் எங்கள் உடுமலைப்பேட்டையில் காற்றுக் காலத்தில் அது அவ்வளவு சுலபமில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனியில் பிடித்தால் ஆடி முழுக்க விடாது. கொக்கி மாட்ட மறந்த ஒரு ஜன்னல் கதவு போதும், படாரென்று ஒரு அடி, கண்ணாடியில் மூலைக்கு மூலை கோடு. அந்த நேரத்தில் தச்சரையும் கண்ணாடிக் கடைக்காரரையும் வீட்டுக்கு வரவைப்பதே பெரும்பாடு. எங்களுடையது மேற்கு பார்த்த மாடி வீடு, பழைய மர ஜன்னல்கள், 4 எம்எம் சாதாரணக் கண்ணாடி. பல வருடங்களாக ஒவ்வொரு விரிசலுக்கும் ஒவ்வொரு விதமாக ஒட்டி, அது வெயிலையும் மழையையும் எப்படித் தாங்குகிறது என்று பார்த்து வந்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உடைந்த கண்ணாடியைப் பழைய பலத்துக்குக் கொண்டுவரும் பசை எதுவும் கிடையாது. நம்மால் முடிந்தது இரண்டுதான்: மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் அடைப்பது, கண்ணாடி மேலும் உடைந்தாலும் துண்டு விழாமல் பிடித்து வைப்பது. அடைக்கிற பொருள் பிடிக்காது, பிடிக்கிற பொருள் சரியாக அடைக்காது. இந்த வித்தியாசம் புரிந்த பிறகுதான் எனக்கு எதை எங்கே போடுவது என்ற தெளிவே வந்தது.

ஒட்டுவதற்கு முன்னால் விரிசல் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்துவிடுங்கள். கல்லோ பந்தோ பட்டிருந்தால் ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போலக் கோடுகள் பிரியும். வெயிலால் வந்ததென்றால் சட்டத்து ஓரத்திலிருந்து நேர் செங்கோணத்தில் கிளம்பி, உள்ளே போகப் போக வளையும். கண்ணாடியின் நடுப்பகுதி வெயிலில் சூடாகி விரியப் பார்க்கிறது, சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓரம் சூடாகாமல் அதை இழுத்துப் பிடிக்கிறது. சன்ஷேடு நிழல் கண்ணாடியில் பாதிக்கு விழுகிற ஜன்னல்களில் இது சகஜம். மூன்றாவது வகைதான் எங்கள் வீட்டில் அதிகம். கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து நிறுத்தும் மெல்லிய மரப்பட்டையை, அதாவது பீடிங் ரீப்பரை, அடித்த ஆணி கண்ணாடி ஓரத்தைக் கடித்துக்கொண்டிருக்கும். மழையில் மரம் ஊதினால் அந்த இடத்தில் அழுத்தம் ஏறும். நான் பசை கேட்கப் போனபோது கண்ணாடிக் கடை அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, ஒட்றது இருக்கட்டும், ஆணி எங்க குத்துதுன்னு பாத்தீங்களா?" என்பதுதான். அந்த ஆணியைப் பிடுங்காமல் மேலே எதைத் தடவினாலும் விரிசல் நீண்டுகொண்டேதான் போகும்.

அப்புறம், விரிசலின் நுனி எங்கே முடிகிறதோ அங்கே பர்மனென்ட் மார்க்கரால் சின்னக் கோடு போட்டுத் தேதியையும் எழுதிவிடுங்கள். ஒரு வாரத்தில் நுனி கோட்டைத் தாண்டியிருந்தால் ஒட்டுகிற யோசனையையே விட்டுவிடலாம். மழைக்காலத்தில் இந்தக் கோட்டை அடிக்கடி பார்க்க வேண்டும், ஏனென்றால் ஈரம் பட்டால் விரிசல் வேகமாக நகரும். நுனியில் அழுத்தத்தில் இருக்கும் கண்ணாடியின் பிணைப்புகளைத் தண்ணீர் அறுத்துவிடுகிறது. அதனாலேயே கண்ணாடியின் இரண்டு பக்கமும் அடைக்க வேண்டும் என்கிறேன்.

டேப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண செல்லோடேப் வெயிலில் மஞ்சளாகி, ஓரம் சுருண்டு, பசை இளகி வழிந்து அதில் தூசியும் எறும்பும் ஒட்டிக்கொள்ளும். அகலமான பார்சல் டேப், அதாவது ஒளி ஊடுருவும் ரகம், கொஞ்சம் பரவாயில்லை. உள்பக்கம் ஒட்டினது ஒரு காற்றுக் காலத்தைத் தாண்டியது. வெளிப்பக்கம் ஒட்டினது கோடை முடிவதற்குள் நார் நாராகக் கிழிந்தது. மாஸ்க்கிங் டேப்பை வெயில் படும் கண்ணாடியில் ஒட்டவே வேண்டாம். நாளாக ஆகப் பசை இறுகிப்போய், உரிக்கும்போது காகிதம் கையோடு வரும், பசை கண்ணாடியிலேயே நிற்கும். பார்சல் டேப் ஒட்டும்போது விரிசலின் நீளத்துக்கு ஒன்று போட்டு, அதற்குக் குறுக்கே சில துண்டுகள் போட்டால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தால் காற்றுக் குமிழ் வராது. புயல் அறிவிப்பு வந்ததும் நல்ல கண்ணாடியில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டுகிறார்களே, அதனால் கண்ணாடி உடைவது நிற்காது. உடைந்தால் பல துண்டுகள் சேர்ந்து பெரிய பாளமாக விழ வாய்ப்பு உண்டு, அது இன்னும் ஆபத்து.

நெயில் பாலிஷை நிறைய பேர் சிபாரிசு செய்வார்கள். ஓரத்தில் பெயர்ந்த சின்னச் சில்லு, நகக்கண் அளவுக் கீறல் என்றால் சரி. நீளமான விரிசலுக்கு அது போதாது. மேலே பூச்சாக நிற்கும், நாலு முறை ஈரத் துணியால் துடைத்தால் உரிந்துவரும்.

பசைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். சின்ன டியூபில் வரும் உடனடிப் பசை, வேதியியல் பெயர் சயனோஅக்ரிலேட், முடி போன்ற மெல்லிய விரிசலுக்குள் தானாகவே இழுக்கப்பட்டுப் போகும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். விரிசல் வெள்ளிக் கம்பி போல மின்னுவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் காற்று. ஒரு துளியை விரிசலின் மேல் முனையில் வைத்தால், பசை இறங்க இறங்க அந்த மினுக்கம் கீழ்நோக்கி அணைந்துகொண்டே போகும். கடைசியில் கோடு இருக்கும் இடமே தெரியாது. ஆனால் அதற்கு விரிசல் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். தண்ணீர் விட்டுத் துடைத்தால் அழுக்குதான் உள்ளே போய் உட்காரும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் மேலாக ஒற்றி, காற்றாட விட்டு, காலையில் கண்ணாடி சூடாவதற்கு முன் ஒட்டுவது நல்லது. ஜன்னலைத் திறந்து வைத்து, கண்ணை மூடும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பசையின் ஆவி பக்கத்தில் வெள்ளைப் புகை மாதிரி படியும். நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போய்விடும், விரிசலுக்குள் மட்டும் படவிடக் கூடாது.

இது எத்தனை நாள் நிற்கும் என்பதில்தான் ஏமாற்றம். வெயில் காலம் முழுக்கப் புதிதாக ஒட்டியது போலவே இருந்தது. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்ததும் கீழ் ஓரத்திலிருந்து அந்த வெள்ளி மினுக்கம் திரும்ப ஏற ஆரம்பித்தது. இந்தப் பசை கண்ணாடியில் ஈரத்தைத் தாங்காது. அதோடு அது இறுகிப்போகிற ரகம், கண்ணாடி விரிந்து சுருங்கும்போது வளைந்து கொடுக்காது.

இரண்டு டியூப் கலந்து போடும் எபாக்ஸி இதைவிட உறுதி. ஆனால் கெட்டியாக இருப்பதால் முடி விரிசலுக்குள் இறங்காது. வாய் திறந்த விரிசலுக்கும், மூலையில் துண்டு பெயர்ந்த இடத்துக்கும்தான் அது லாயக்கு. ஒரு நாள் முழுக்கக் கதவை அசைக்காமல் விட வேண்டும், பிறகு வழிந்ததை பிளேடால் சீவிவிடலாம். எங்கள் மேற்கு ஜன்னலில் ஒட்டினது தேன் நிறத்துக்குப் போய்விட்டது, பிடிப்பு மட்டும் விடவில்லை. சமையலறை மாதிரி அழகு பார்க்காத இடத்தில் இதைத் தயங்காமல் போடுவேன்.

கார் முன்கண்ணாடிக்கென்று விற்கிற ரெசினையும் முயன்று பார்த்தேன். அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடிக்காகச் செய்தது. இருந்தாலும் வீட்டுக் கண்ணாடியில் விரிசலை மறைப்பதில் இதற்கு மிஞ்சியது இல்லை. சூரிய வெளிச்சம் பட்டதும் இறுகும் என்பதால் மேற்கு ஜன்னலில் காலை நிழல் இருக்கும்போதே உள்ளே இறக்கிவிட வேண்டும். வெயில் திரும்பி வந்ததும் அதுவே இறுகிக்கொள்ளும். சின்னக் குப்பிக்கு விலை அதிகம். வரவேற்பறை ஜன்னல் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

மழையை அடைக்க வேண்டுமென்றால் சிலிகான்தான். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. உள்ளே இறங்காது, விரிசலின் மேல் ரப்பர் பட்டை மாதிரி உட்காரும். வெயிலில் மஞ்சளாவதில்லை, வெடிப்பதில்லை, கண்ணாடியோடு சேர்ந்து நெளிந்து கொடுக்கும். விரிசலின் இரண்டு பக்கமும் டேப்பைக் கோடாக ஒட்டி, நடுவில் சிலிகானை இழுத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பாக வழித்து, உடனே டேப்பை உரித்துவிட்டால் பட்டை நேராக வரும். கை படும் இடத்தில் கண்ணாடி முனை தெரிந்தால் விரலுக்குப் பதில் ஐஸ்கிரீம் குச்சி. வினிகர் வாடை அடிப்பது சாதாரண ரகம். இரும்புச் சட்டத்தில் அது துருவைக் கிளப்பும், அங்கே நியூட்ரல் என்று எழுதியிருக்கும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். குறை என்னவென்றால் தூசி படிந்து பட்டை சாம்பல் நிறமாகிவிடும். இன்னொன்று, சிலிகான் பட்ட இடத்தில் பிறகு வேறு பசை ஒட்டாது. எனவே உள்ளே பசை இறக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டுத்தான் சிலிகான்.

துண்டு விழாமல் பிடிப்பதற்கு சேஃப்டி ஃபிலிம் ஒன்றைத்தான் முழு மனதோடு சொல்வேன். நிறமில்லாத, 100 மைக்ரான் தடிமனுள்ள பாலியெஸ்டர் படலம். உள்பக்கம் முழுக் கண்ணாடியையும் மூடி ஒட்ட வேண்டும். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமை நகர்த்திச் சரிபண்ணி, ரப்பர் வைப்பரால் தண்ணீரை வெளியே தள்ளுவதுதான் முறை. அதற்கு முன்பே வெளிப்பக்கம் சிலிகானும் உள்பக்கம் மெல்லிய பசையும் போட்டு விரிசலை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் விரிசலுக்குள் போகும். முதல் சில நாட்கள் பால் மாதிரி மங்கலாகத் தெரியும், உள்ளே மாட்டிய ஈரம் காய்ந்ததும் தெளிந்துவிடும். கறுப்பு ஃபிலிம் கூடாது. அது வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியை இன்னும் சூடாக்கும். கண்ணாடியோடு ஒட்ட வைத்து அட்டை அடைப்பதிலும் அதே தொல்லைதான். எங்கள் படிக்கட்டு ஜன்னலில் இந்த ஃபிலிம் ஒட்டியிருந்தபோது காற்றில் கதவு மறுபடி அடித்து, கண்ணாடி ஏழெட்டுத் துண்டாகப் போனது. ஒரு சில்லுகூடத் தரைக்கு வரவில்லை.

சில இடங்களில் இது எதையும் செய்யாதீர்கள். 4 எம்எம் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்குப் பத்து கிலோ கனம். தெருவைப் பார்த்த மாடி ஜன்னலில் அது தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. குழந்தைகள் கை வைக்கும் உயரத்திலும், கதவுக் கண்ணாடியிலும், தலைக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டரிலும் அப்படித்தான். விரிசல்கள் ஒன்றையொன்று வெட்டி நடுவில் ஒரு துண்டு தனியாக ஆடினால் அதைக் கழற்றிவிட்டு பாலிகார்பனேட் ஷீட்டோ பழைய ஃப்ளெக்ஸோ அடித்துவிடலாம். டஃபன்டு கண்ணாடிக்கு, அதாவது சூட்டில் பதப்படுத்தி உறுதியாக்கிய கண்ணாடிக்கு, இந்தக் கேள்வியே எழாது. அது விரிசலோடு நிற்காது, மொத்தமும் ஒரே நொடியில் கற்கண்டு போல உதிரும்.

கழற்றும்போது தடித்த கையுறை போட்டு, கண்ணாடியின் இரண்டு பக்கமும் டேப்பை நெருக்கி ஒட்டி, மேல் பீடிங்கைக் கடைசியில் எடுங்கள். கழற்றியதைச் செய்தித்தாளில் பல மடிப்பு சுற்றி, மேலே பெரிய எழுத்தில் "கண்ணாடி" என்று எழுதித் தூய்மைப் பணியாளர் கையில் நேராகச் சொல்லிக் கொடுங்கள். குப்பைப் பையில் அவர்கள் வெறுங்கையை விடுகிறார்கள். புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுக்கும்போது சட்டத்தின் உள்அளவை மூன்று இடத்தில் அளந்து, குறைந்ததை எடுத்து, நீளத்திலும் அகலத்திலும் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைத்துச் சொல்லுங்கள். ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், பீடிங் ஆணியைக் கண்ணாடியை ஒட்டி அடிக்காமல் சட்டத்தைப் பார்த்துச் சாய்த்து அடிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படி மாட்டிய கண்ணாடிகள் எதிலும் இதுவரை ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பவில்லை.