டிக்ஸின் 11 பந்தா, டெரலின் 200 கஜமா?

2021 என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) சீசனில் டாலஸ் கவ்பாய்ஸ் கார்னர்பேக் (பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவரைத் தடுப்பவர்) ட்ரெவான் டிக்ஸ் 11 இன்டர்செப்ஷன் எடுத்தார், அதாவது எதிரணி வீசிய பந்தைத் தானே பிடித்தார். அட்லாண்டா ஃபால்கன்ஸ் கார்னர்பேக் ஏ.ஜே. டெரல் எடுத்தது 3. இருவரில் நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்குத் தேர்வானது டிக்ஸ் மட்டும். டெரலுக்கு, சீசனின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-புரோவின் இரண்டாம் அணியில் இடம் கிடைத்ததே ஆறுதல்.

டிக்ஸ் கல்லூரியில் ரிசீவராகத் தொடங்கியவர். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் படித்து, பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே பாய்வார். ஊகம் சரியென்றால் பந்து இவர் கையில். தப்பினால்தான் வினை: ரிசீவர் வெளிப்பக்கம் வெட்டுவதுபோல் போக்குக் காட்டி நேரே ஓடினால், எடை முழுக்க முன்காலில் விழுந்த கார்னர் திரும்பி ஓடுவதற்குள் இரண்டு எட்டு பின்தங்கிவிடுவார். ஆட்டங்களை அலசும் ப்ரோ ஃபுட்பால் ஃபோகஸ் கணக்கில், அவர் காவலை மீறிப் பிடிபட்ட பந்துகளால் அந்த சீசனில் விட்டுக்கொடுத்தது 1,000 கஜத்துக்கும் மேல்.

அதே கணக்கில் டெரல் கொடுத்தது வெறும் 200 கஜம். அவரை நோக்கி வந்த 66 பந்துகளில் 29தான் பிடிபட்டன. டிவி கேமரா பந்தின் பின்னால் ஓடுவதால் இந்த வேலை கண்ணில் படாது. 22 பேரும் தெரியும் கோணத்தில் அவர் காலைப் பாருங்கள். முதலில் பாய மாட்டார். ரிசீவர் பக்கம் முடிவு செய்யும்வரை சின்னச் சின்ன எட்டு. ரிசீவர் மேல் கை வைப்பது முதல் 5 கஜத்துக்குள். அதைத் தாண்டிக் கை வைத்தால் 5 கஜ அபராதம், எதிரணிக்குத் தானாக ஃபர்ஸ்ட் டவுன் (புதிதாக நான்கு முயற்சி). பிறகு ரிசீவரின் இடுப்போடு ஒட்டிய ஓட்டம்.

ஒரு பந்து வேண்டுமென்றால் டிக்ஸ். சீசனின் பதினேழு ஆட்டத்துக்கும் என் தேர்வு டெரல்தான்.