ஷஹ்பாவா, கனவாத்தா?

தெற்கு சிரியாவின் ஸுவைதா மாகாணத்தில், ட்ரூஸ் என்ற மதச் சிறுபான்மை மக்கள் பெரும்பான்மையாக வாழும் இந்த இரண்டு ஊர்களிலும் எரிமலைக் கருங்கல்லில் கட்டிய ரோமானிய இடிபாடுகள் உண்டு. எதை முதலில் படிக்கலாம்?

வரலாறு
ஷஹ்பா: இந்த மண்ணைச் சேர்ந்த பிலிப் கி.பி. 244-இல் ரோமப் பேரரசரானார். உடனே சொந்த ஊரை பிலிப்போபோலிஸ் என்ற நகரமாக எழுப்பத் தொடங்கினார். 249-இல் அவர் கொல்லப்பட, கட்டுமானமும் நின்றுபோனது. ஐந்தே வருடத்தில் இவ்வளவா என்று இன்றும் வியக்கிறேன்.
கனவாத்: பைபிள் சொல்லும் தெக்கப்போலி (‘பத்து நகரங்கள்’ என்ற பழைய நகரக் குழு) நகரங்களில் ஒன்றாகக் கருதப்படுவது, ஷஹ்பாவைவிடப் பழையது.

இடிபாடுகள்
ஷஹ்பா: அரங்கம், குளியல் மண்டபங்கள், அப்புறம் அற்புதமான மொசைக்குகள் (சிறு வண்ணக் கற்களைப் பதித்த ஓவியங்கள்). விலங்குகள் சூழ கிரேக்கப் புராண இசைக்கலைஞன் ஆர்ஃபியஸ் இசைக்கும் மொசைக் ஒன்றே போதும்.
கனவாத்: தேவாலயமாக மாறிய ரோமானியக் கோயில், சூரியக் கடவுள் ஹீலியோஸின் கோயில் தூண்கள்.

கலையும் நகரத் திட்டமும் பிடித்தால் ஷஹ்பா. மதங்கள் மாறிய தடத்தைத் தேடினால் கனவாத்.