கஞ்சாவுக்கு ஒரு வாக்கு, அதிபருக்கு வேறொன்று: அமெரிக்கக் கோட்டை மாநிலங்களில் போதைக் கொள்கை

2024 நவம்பர் 5 அன்று புளோரிடாவில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் 3ஆம் திருத்தத்துக்கு 59.5 லட்சம் பேர் ‘ஆம்’ போட்டார்கள். அதே வாக்குச்சீட்டில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸ் வாங்கியது 46.8 லட்சம். ஹாரிசுக்குப் போட்ட அத்தனை பேரும் கஞ்சாவுக்கும் ஆம் போட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 12 லட்சத்துக்கு மேல் மிஞ்சுகிறது. மூன்றாம் கட்சிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது ஒரு லட்சத்தை ஒட்டித்தான். ஆக, கஞ்சாவுக்கு ஆம், டிரம்புக்கும் ஆம் என்று போட்டவர்கள் குறைந்தது 11 லட்சம் பேராவது இருக்க வேண்டும்.

போதைக் கொள்கையை வைத்து ஒரு கட்சியின் கோட்டையை அசைக்கலாம் என்று கணக்குப் போடும் தேர்தல் ஆலோசகர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த மிச்சத்தைத்தான். அவர்கள் கையில் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன: அதிபர் தேர்தலன்றே பொதுவாக்கெடுப்பு வைப்பது, வேட்பாளரே நிலைப்பாடு எடுப்பது, மூன்றாம் கட்சி மூலம் வாக்கைப் பிரிப்பது, கடுமையான போதை ஒழிப்பைப் பேசி எதிர்க்கட்சிக் கோட்டையில் கோபத்தை அறுவடை செய்வது. நான்கும் ஒரே தரம் அல்ல.

ஒரே நாளில் பொதுவாக்கெடுப்பு

அதிகம் பேசப்படுவதும், அதிகப் பணம் விழுங்குவதும் இதுதான். புளோரிடாவில் அரசமைப்புத் திருத்தம் கொண்டுவர 2024இல் செல்லத்தக்க கையெழுத்துகள் 8,91,523 வேண்டியிருந்தன. அதுவும் நாடாளுமன்றத் தொகுதிகளில் பாதியிலாவது தொகுதிவாரி ஒதுக்கீட்டை எட்டியிருக்க வேண்டும். பிறகு வாசகத்தை மாநில உச்ச நீதிமன்றம் சரிபார்க்கும். எல்லாம் தாண்டினாலும் 60% ஆம் வாக்கு தேவை. (அந்த 60% விதியையே 2006இல் மக்கள் 57.8% ஆதரவில்தான் நிறைவேற்றினார்கள். அந்த விதி அன்றைக்கே அமலில் இருந்திருந்தால் அது பிறந்தே இருக்காது.) 2024இல் ஆதரவுத் தரப்பு 15 கோடி டாலரைத் தாண்டிச் செலவழித்தது; பெரும்பங்கு டிரூலீவ் என்ற கஞ்சா நிறுவனத்தின் பணம். கிடைத்தது 55.9%. திருத்தம் தோற்றது.

இதன் பின்னால் இருக்கும் வாதம் எளிது: கஞ்சாவுக்காக வாக்குச்சாவடிக்கு வரும் இளைஞர்கள் அப்படியே ஜனநாயகக் கட்சிக்கும் குத்திவிட்டுப் போவார்கள். இதைச் சோதிக்க ஒரு நேரான வழி உண்டு. கஞ்சாக் கேள்வியில் பதிவான மொத்த வாக்குகளை அதிபர் பதவிக்குப் பதிவானவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கஞ்சாதான் கூட்டத்தை இழுத்தது என்றால் முதல் எண் பெரிதாக, குறைந்தது சமமாக இருக்க வேண்டும். 2012 கொலராடோவில் கஞ்சாக் கேள்விக்கு 25 லட்சம், அதிபருக்கு சுமார் 25.7 லட்சம். 2020 தெற்கு டகோட்டாவில் 4.16 லட்சம், 4.23 லட்சம். 2020 அரிசோனாவில் 32.6 லட்சம், 33.9 லட்சம். 2024 புளோரிடாவில் 106 லட்சம், 109 லட்சம். நான்கிலும் அதிபருக்காக வந்தவர்களில் ஒரு பகுதி கஞ்சாக் கேள்வியை வெறுமையாக விட்டுப் போயிருக்கிறது. அதிபர் தேர்தல் ஆண்டில் வரக்கூடியவர்கள் எப்படியும் வந்துவிடுகிறார்கள். வராதவர்களை எழுப்ப ஒரு துணைக் கேள்வி போதவில்லை.

சரி, வந்தவர்கள் மனம் மாறினார்களா? அதற்கு அடுத்த சோதனை: மாநிலத்தின் வெற்றி வித்தியாசம் முந்தைய தேர்தலிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று எடுத்து, நாடு முழுக்க நகர்ந்ததைக் கழிக்க வேண்டும். ஒபாமாவின் முன்னிலை கொலராடோவில் 2008இல் 9 சதவீதப் புள்ளி, 2012இல் 5.4. சரிவு 3.6. நாட்டளவில் 7.3இலிருந்து 3.9க்கு, அதாவது சரிவு 3.4. கஞ்சா 55.3% வாங்கி ஒபாமாவையே வாக்கு எண்ணிக்கையில் முந்திய அந்த நாளில், ஒபாமாவுக்கு அதனால் கிடைத்ததாகக் காட்ட எதுவுமில்லை. அதே நாளில் கஞ்சாவை நிறைவேற்றிய வாஷிங்டன் மாநிலத்தில் அவர் நாட்டைவிட ஒரு புள்ளி குறைவாகத்தான் சரிந்தார். அதையும் கஞ்சாக் கணக்கில் எழுத முடியாது. ஒரே பாலினத் திருமணமும் அதே வாக்குச்சீட்டில் இருந்தது.

குடியரசுக் கட்சிக் கோட்டைக்கு நல்ல சோதனைக்களம் தெற்கு டகோட்டா. 2020இல் அங்கே பொழுதுபோக்குக் கஞ்சா 54%, மருத்துவக் கஞ்சா 70% வாங்கி இரண்டுமே வென்றன. டிரம்ப் வாங்கியது 61.8%. அவருடைய முன்னிலை 2016இல் சுமார் 30 புள்ளியாக இருந்து 26 ஆனது. ‘பார்த்தீர்களா, கஞ்சா வேலை செய்தது’ என்று இதைக் காட்டுவோர் உண்டு. பக்கத்து வடக்கு டகோட்டாவில் அந்த ஆண்டு கஞ்சாக் கேள்வியே இல்லை. அங்கும் முன்னிலை இரண்டு புள்ளிக்கு மேல் குறைந்தது. மிஞ்சுகிற ஒரு புள்ளிச் சொச்சம் முழுவதையும் கஞ்சாவுக்கே தானமாகக் கொடுத்தாலும் 26 புள்ளிச் சுவரில் கீறல்கூட விழவில்லை. வென்ற கஞ்சாவும் நிலைக்கவில்லை. ஆளுநர் கிறிஸ்டி நோயமின் ஆதரவோடு வழக்குப் போனது. ஒரு திருத்தத்தில் ஒரே பொருள்தான் இருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டி மாநில உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் பொழுதுபோக்குக் கஞ்சாத் திருத்தத்தை ரத்துசெய்தது. 2022இல் மறுபடி கேட்டபோது 47%. 2024இல், அதிபர் தேர்தல் ஆண்டிலேயே, 44.5% தான்.

எவ்வளவு நகர்த்த முடியும்? ஒரு தாராளக் கணக்கு

கஞ்சாக் கேள்வி 2% கூடுதல் வாக்காளர்களை இழுத்து வருகிறது, அவர்கள் 65க்கு 35 என்று ஒரு கட்சி பக்கம் சாய்கிறார்கள் என்று கற்பனை செய்வோம். மேலே பார்த்தபடி இது ரொம்பத் தாராளம். 2020 அரிசோனாவில் 2% என்பது சுமார் 68,000 பேர். நிகர லாபம் 20,000 வாக்கு. பைடன் அங்கே வென்றது 10,457 வாக்கில். அங்கு கஞ்சாவுக்கு 60% ஆதரவு கிடைத்தது. எனவே அரிசோனாவைப் பற்றி ‘கஞ்சாவுக்கு வாய்ப்பே இல்லை’ என்று சொல்ல முடியாது, நிரூபிக்கவும் முடியாது. இதே சூத்திரத்தைத் தெற்கு டகோட்டாவில் போட்டால் லாபம் சுமார் 2,500. டிரம்பின் வித்தியாசம் 1.1 லட்சம். 2024 புளோரிடாவில் லாபம் 65,000, வித்தியாசம் 14.27 லட்சம். கோட்டை என்ற சொல்லுக்கு இதுதான் கணக்கிலுள்ள பொருள்: தாராளமான ஊகம்கூட இருபதில் ஒரு பங்கை எட்டாத இடம்.

அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டுகளில் வாக்குப்பதிவு குறைவு. துணைக் கேள்விக்கு இடம் அதிகம். அங்கும் அனுபவம் கசப்புதான். 2014 புளோரிடா ஆளுநர் தேர்தலில் மருத்துவக் கஞ்சாத் திருத்தத்துக்குப் பணம் கொட்டியவர் வழக்கறிஞர் ஜான் மார்கன். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் சார்லி கிறிஸ்ட் அவருடைய நிறுவனத்தில் பணியாற்றியவர். திருத்தம் 57.6% வாங்கி 60ஐ எட்டாமல் தோற்றது. கிறிஸ்ட் 64,145 வாக்கில் தோற்றார். ஆம் போட்டவர்கள் கிறிஸ்டுக்குப் போட்டவர்களைவிட ஐந்தரை லட்சம் அதிகம்.

வேட்பாளரே பேசினால்

வாக்கெடுப்பைவிட இது மலிவு. ஒரு சமூக ஊடகப் பதிவு போதும். ஆனால் எதிராளியும் அதே பக்கம் நகர்ந்துவிட்டால் பலன் பூஜ்யம். 2022 அக்டோபரில் பைடன், வெறுமனே கஞ்சா வைத்திருந்ததற்காகக் கூட்டாட்சிச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டவர்களுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தார். 2024 மே மாதம் கூட்டாட்சிப் போதைப்பொருள் பட்டியலில் கஞ்சாவைக் கடுமை குறைந்த மூன்றாம் அட்டவணைக்கு மாற்ற நீதித்துறை முன்மொழிந்தது. செப்டம்பரில் டிரம்ப், புளோரிடாத் திருத்தத்துக்குத் தானே ஆம் போடப்போவதாக அறிவித்தார். அக்டோபரில் ஹாரிஸ் நாடு முழுக்கச் சட்டபூர்வமாக்குவேன் என்றார். வாக்காளருக்கு இதில் வேறுபாடு காண என்ன இருக்கிறது? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிரம்ப் 56% வாங்கிய மாநிலத்தில் அவருடைய ஆதரவுகூட திருத்தத்தை 60க்குத் தள்ளவில்லை. ஆளுநர் ரான் டிசாண்டிஸ் எதிர்த்துப் பிரசாரம் செய்தார். மாநிலக் குடியரசுக் கட்சியும் எதிர்த்தது. அதிபர் வேட்பாளரால் கஞ்சாவைத் தூக்க முடியவில்லை என்றால், கஞ்சா அவரைத் தூக்கும் அல்லது கவிழ்க்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

மூன்றாம் கட்சி

இதைச் சீக்கிரமே முடித்துவிடலாம். 1999இலிருந்தே கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கச் சொன்ன கேரி ஜான்சன், லிபர்டேரியன் என்ற சிறு கட்சியின் வேட்பாளராக 2012இல் கொலராடோவில் வாங்கியது 1.4%. அதே நாளில் அவருடைய கொள்கை அங்கே 55% வாங்கியது. 2016இல் தான் ஆளுநராக இருந்த நியூ மெக்சிகோவில் அவர் 9.3% எடுத்தார். அது ஹிலாரி கிளிண்டனின் 8.2 புள்ளி வித்தியாசத்தைவிட அதிகம்தான். ஆனால் அது பழைய ஆளுநருக்கு விழுந்த சொந்த ஊர் வாக்கு, மாநிலமும் கைமாறவில்லை.

கோபத்தை அறுவடை செய்வது

நான்கில் உண்மையான பலம் உள்ளது இது ஒன்றுதான். ஆனால் அடி விழுவது அதிபர் மேல் அல்ல. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான ஒரிகனில் 2020இல் 110ஆம் தீர்மானம் 58.5% ஆதரவில் நிறைவேறியது. ஹெராயின், மெத் உட்பட எந்தப் போதைப்பொருளையும் சிறிதளவு வைத்திருந்தால் சிறை இல்லை, 100 டாலர் அபராதச்சீட்டு மட்டும்; உதவி எண்ணுக்கு அழைத்தால் அதுவும் தள்ளுபடி. எங்கே தவறியது என்றால், சிறையை 2021 பிப்ரவரியிலேயே நிறுத்தினார்கள். சிகிச்சைக்கான பணமோ மாதக்கணக்கில் தாமதமாகத்தான் போய்ச்சேர்ந்தது. அபராதச்சீட்டு வாங்கியவர்களில் உதவி எண்ணை அழைத்தவர்கள் மிகச் சொற்பம். அழைக்காததற்கு விளைவும் இல்லை. அதே காலத்தில்தான் அபின் வகைச் செயற்கைப் போதைப்பொருளான ஃபெண்டனில் மேற்குக் கடற்கரையை நிரப்பியது. 2024 ஏப்ரலில் ஆளுநர் டீனா கோடெக் கையெழுத்திட்ட சட்டம், போதைப்பொருள் வைத்திருப்பதைச் செப்டம்பர் 1 முதல் மறுபடியும் குற்றமாக்கியது.

இவ்வளவு பெரிய சறுக்கலுக்குப் பிறகு அதிபர் தேர்தலில் என்ன நடந்தது? ஒரிகனில் ஜனநாயகக் கட்சியின் முன்னிலை 16.1இலிருந்து 14.3 ஆனது. நாடு முழுக்க ஆறு புள்ளி டிரம்ப் பக்கம் சாய்ந்த ஆண்டில், ஒரிகன் இரண்டுகூடச் சாயவில்லை. வடக்கே வாஷிங்டன் சாய்ந்தது ஒரு புள்ளி. தீர்மானத்தின் தடமாக மிஞ்சுவது ஒரு புள்ளிக்கும் குறைவு. ஆனால் போர்ட்லண்ட் நகரம் அடங்கிய மல்ட்னோமா கவுண்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) அரசு வழக்கறிஞர் மைக் ஷ்மிட் 2024 மே மாதத் தேர்தலிலேயே தோற்றார்.

கலிபோர்னியாவும் இதையே இன்னும் உரக்கச் சொல்கிறது. போதைப்பொருள், திருட்டுக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் 36ஆம் முன்மொழிவு 2024இல் 68% வாங்கியது. ஆளுநர் கவின் நியூசம் எதிர்த்தும் நிற்கவில்லை. தான் எப்படி வாக்களித்தேன் என்று சொல்லவே ஹாரிஸ் மறுத்தார். லாஸ் ஏஞ்சலிஸ் அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் காஸ்கோன் தோற்றார், சான் பிரான்சிஸ்கோ மேயர் லண்டன் பிரீட் தோற்றார். ஹாரிஸ் 20 புள்ளியில் வென்றார். பைடனின் 29ஐவிடக் குறைவுதான். நாட்டுச் சாய்வைக் கழித்தால் மூன்று புள்ளி மிஞ்சும். அதில் விலைவாசிக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு, தெருவோர ஃபெண்டனிலுக்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. மேற்கு வர்ஜீனியாவில் ஓபியாய்டு (அபின் வகைப் போதை) மரணங்கள்தான் டிரம்பைத் தூக்கின என்ற பிரபலமான வாதமும் இதே சிக்கலில் மாட்டுகிறது. அந்த மாநிலம் 2000இலிருந்தே குடியரசுக் கட்சிக்கு வாக்களித்து வருகிறது. போதை மரணம் குவிந்த அதே கவுண்டிகளில்தான் சுரங்க வேலையும் போனது.

கீழ்மட்டப் பதவிக்குக் கஞ்சா உதவும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2018 புளோரிடாவில் மருத்துவக் கஞ்சாவை முன்வைத்துப் பிரசாரம் செய்த நிக்கி ஃபிரைட் 6,753 வாக்கில் வேளாண் ஆணையர் ஆனார். அதே நாளில் அவருடைய கட்சி ஆளுநர், செனட் பதவிகள் இரண்டையும் நூலிழையில் இழந்தது. அவர் ஏற்ற பதவிக்கும் அவர் பேசிய விஷயத்துக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. செனட்டருக்கு அது இல்லை.

கோட்டைக்குள் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினால், நெப்ராஸ்கா ஒன்றுதான் பேச்சுக்காவது தேறும். அது அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகளைத் தொகுதிவாரியாகவும் பிரித்துக் கொடுக்கும் மாநிலம். ஒமாஹாவைச் சுற்றிய இரண்டாம் தொகுதி தனித்து நிற்கும். 2024இல் மாநிலம் முழுக்க மருத்துவக் கஞ்சா 71% வாங்கியது, டிரம்ப் மாநிலத்தை எளிதாக எடுத்தார், ஒமாஹாவின் அந்த ஒரு வாக்கு ஹாரிசுக்குப் போனது. 2020இலும் அது பைடனுக்குத்தான் போயிருந்தது, அதுவும் கஞ்சாக் கேள்வி எதுவும் இல்லாமலே. அப்போதைய வித்தியாசம் சுமார் 22,000. மேலே போட்ட தாராளக் கணக்கு அங்கே கொடுப்பது 2,000 வாக்கு.