‘விண்டோஸ் போட்டுத் தருகிறோம் சார்’ என்றால் பெட்டியைப் பிரிக்க விடாதீர்கள்

மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கடை. புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் சொல்லவில்லை. போன ஜூன் மாதம் மகளுக்காக அங்கே லேப்டாப் வாங்கினேன். உபுண்டு போட்டு வந்தது 36,500 ரூபாய். (உபுண்டு என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் இயங்குதளம்.) அதே மாடல் விண்டோஸோடு 41,000. மகள் படிக்கப்போவது கம்ப்யூட்டர் சயின்ஸ். லினக்ஸ் போதும் என்று அவளே சொன்னதால் முதலாவதை எடுத்தோம். பெட்டியின் ஓரத்து ஸ்டிக்கரிலும் உபுண்டு என்றே அச்சாகியிருந்தது.

பில்லுக்கு நான் பெயரை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தபோது, “சரிபார்த்துத் தருகிறேன் சார்” என்று கடைப் பையன் பெட்டியைப் பிரித்தான். அவன் சாவிக்கொத்தில் சிவப்பு பென்டிரைவ் ஒன்று தொங்கியது. அதைச் செருகினான். எங்களுக்கு டீ வந்தது. உபசாரம் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் திரையில் விண்டோஸ் 11.

“உபுண்டு எங்கே?”

“அதை யாரும் வைத்துக்கொள்வதில்லை சார். ஒரிஜினல் விண்டோஸ், ஆபீஸ், ஆன்டிவைரஸ் எல்லாம் சேர்த்து 1,500தான்” என்றார் முதலாளி.

பில்லில் எழுதச் சொன்னேன். வரி கூடும் என்று சொல்லித் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். 4,500 ரூபாய்ச் சரக்கு 1,500க்கு வருகிறதே என்ற அற்ப ஆசை எனக்கும் இருந்தது. மறைப்பானேன்?

டிசம்பரில் திரையின் மூலையில், விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லி மங்கலான எழுத்து முளைத்தது. உறவுக்காரப் பையன் ஒருவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். பெரிய அலுவலகங்கள் மொத்தமாக உரிமம் வாங்கும்போது, அவற்றின் கணினிகள் அலுவலகத்துக்குள் இருக்கும் ஒரு சர்வரிடம் அனுமதி பெறும். அந்த அனுமதி 180 நாள் செல்லும். அப்படி ஒரு சர்வர் இருப்பதுபோல் ஏமாற்றும் திருட்டு மென்பொருளைத்தான் கடைக்காரர் ஓட்டியிருக்கிறார். அது மாட்டிக்கொள்ளாமல் இருக்க, வைரஸ் தேடும் டிஃபெண்டரில் சி டிரைவ் முழுவதையும் விலக்குப் பட்டியலில் சேர்த்திருந்தார். ஆறு மாதமாக மகள் கல்லூரிக் கட்டணம் கட்டியது அந்த லேப்டாப்பில்தான்.

கடைக்கு போன் செய்தேன். “இன்டர்நெட்டில் இணைத்திருப்பீர்கள் சார், அதுதான் தப்பு. கொண்டு வாருங்கள், மறுபடி போட்டுத் தருகிறேன், 500 ரூபாய்” என்றார். இன்டர்நெட் இல்லாமல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஊறுகாயா போடுவது?

முன்பெல்லாம் லேப்டாப்பின் அடியில் விண்டோஸ் உரிமத்துக்கான, 25 எழுத்துகள் கொண்ட சாவிச் சீட்டு ஒட்டியிருக்கும். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அந்தச் சாவியைத் தொழிற்சாலையிலேயே மதர்போர்டுக்குள் பதித்துவிடுகிறார்கள். கண்ணால் பார்க்க ஒன்றும் இல்லை என்பது இப்படிப்பட்ட கடைக்காரர்களுக்கு வசதி. ஆனாலும் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். கட்டளைகளைத் தட்டும் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ திரையைத் திறந்து எஸ், எல், எம், ஜி, ஆர் என ஐந்து ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, சாய்கோடு (/), பிறகு டி, எல், ஐ என்று தட்டுங்கள். வரும் பெட்டியில் ‘ஓஇஎம்’ என்று இருந்தால் தயாரிப்பாளர் கொடுத்தது. வீட்டுக்கு வாங்கிய லேப்டாப்பில், அலுவலகங்களுக்கான மொத்த உரிமத்தைக் குறிக்கும் ‘வால்யூம்’ என்று வந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பெட்டியை நம் கண்முன் நாமே பிரிப்பது அதைவிட உத்தமம்.

லேப்டாப்பைச் சுத்தமாக அழித்து, உபுண்டுவை இலவசமாக இறக்கி மகளே நிறுவிக்கொண்டாள். ஒரு மாலை நேர வேலை.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. உதவி எண்ணில் ஆதாரம் கேட்டார்கள். பில்லில் லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது. துண்டுச் சீட்டைத் தேடி எடுத்தேன். கடையின் பெயர் இல்லை, தேதி இல்லை. ‘விண்டோ 1500’ என்று பேனாவால் கிறுக்கியிருக்கிறது. அதையும் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.