திருநெல்வேலியில் நான்கு சனிக்கிழமைகள்: ஒரு குரோமற்றின் குறுங்கற்கை

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்திக்கு அண்மையிலுள்ள தனியார் கல்வி நிலையமொன்று உயர்தர உயிரியல் ஆசிரியர்களுக்காக நடத்திய, குரோமற்றின் (டிஎன்ஏயும் அது சுற்றியிருக்கும் புரதங்களும் சேர்ந்த தொகுதி) பற்றிய குறுங்கற்கையைச் சென்ற மாதம் முடித்தேன். வகுப்பறையில் நான் பத்து நிமிடத்தில் கடந்துவிடும் விடயத்துக்கு நான்கு சனிக்கிழமைகள் எதற்கு என்ற ஐயத்துடனேயே சென்றிருந்தேன்.

முதல் நாள், தையற் கடையில் வாங்கிய நூலையும் பெரிய மணிகளையும் தந்து, ஒவ்வொரு மணியிலும் ஒன்றே முக்காற் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக நூலைச் சுற்றச் சொன்னார் விரிவுரையாளர். மணி என்பது எட்டு ஹிஸ்ரோன் புரதங்களின் திரள். சுற்றிய நூல் டிஎன்ஏயின் ஏறத்தாழ 147 மூலச் சோடிகள். என் நூல் மூன்று முறை வழுக்கியது. ஹிஸ்ரோனிலுள்ள லைசீன் போன்ற அமினோ அமிலங்களின் நேரேற்றமே டிஎன்ஏயைப் பிடித்து வைக்கிறது என்றும், லைசீனில் அசற்றைல் என்ற சிறிய இரசாயனக் கூட்டம் சேர்ந்தால் அவ்வேற்றம் அற்றுப்போகும் என்றும் அவர் விளக்கியபோது, அந்த வழுக்கல் வீண்போகவில்லை என்று தோன்றியது.

கற்கையின் உண்மையான பெறுமதி மூன்றாம் வாரத்தில் இருந்தது. ஹிஸ்ரோன் வகைகளில் ஒன்றான எச்3இன் 4ஆவது லைசீனில் (எண், புரதச் சங்கிலியில் அமினோ அமிலம் இருக்கும் இடத்தைக் குறிக்கும்) மெதைல் என்ற இன்னொரு சிறு கூட்டம் இருந்தால், டிஎன்ஏக்குப் புதிதாக மெதைல் சேர்க்கும் நொதியத்தொகுதியால் அவ்விடத்தைப் பற்ற முடிவதில்லை. ஆனால் அந்த 4ஆவது லைசீன் மூன்று மெதைல்களைப் பெறுவதற்கே, வேறொரு ஹிஸ்ரோனான எச்2பியில் யுபிக்குவிற்றின் என்ற சிறு புரதம் முன்னதாக ஏறியிருப்பது துணைசெய்கிறது. எச்3இன் 9ஆவது லைசீனின் மூன்று மெதைல்களைப் பற்றி அமர்ந்து பரம்பரையலகுகளை அடக்கி வைக்கும் எச்பி1 புரதம், கலப்பிரிவின்போது பக்கத்திலிருக்கும் 10ஆவது அமினோ அமிலமான செரீனில் பொசுபேற்று ஏறியதும், மெதைல் அப்படியே இருக்கக் கழன்றுவிடுகிறது. ஹிஸ்ரோனில் ஏறும் இத்தகைய ஒரு குறியின் பொருளை அயற்குறியே தீர்மானிக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக நான் முன்னர் கேட்டதில்லை.

கையேடுதான் ஏமாற்றம். மங்கலான நிழற்பிரதி என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். 'அசற்றைல் திறக்கும், மெதைல் மூடும்' என்று பரம்பரையலகுகளைப் பற்றிச் சொல்லும் அட்டவணையைப் பொறுக்க முடியாது. 4ஆவது லைசீனின் மூன்று மெதைல்கள் இயங்கும் பரம்பரையலகுகளின் தொடக்கத்திலும், 27ஆவது லைசீனின் மூன்று மெதைல்கள் அடக்கப்பட்டவற்றிலும் காணப்படுகின்றன. முளையத் தண்டுக் கலங்களில் இவ்விரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது 2006இலேயே வெளியாகிவிட்டது. விரிவுரையாளர் வாயால் திருத்தியதை அச்சு மறுபடியும் பிழையாக்குகிறது.

கையேடின்றி விரிவுரைக்கு மட்டும் கட்டணம் செலுத்தலாமா என்று அலுவலகத்தில் கேட்டேன். இரண்டுக்கும் சேர்த்தே பற்றுச்சீட்டு என்றார்கள்.