இன்ஜின் ரூம் பராமரிப்பில் மனிதப் பிழை: தெர்ப்பா, ஹார்ட்டா, ஸ்லிம்மா?

கப்பல் இன்ஜினில் இன்ஜெக்டரை (எரிபொருளைத் தெளிக்கும் பாகம்) மாற்றிவிட்டு, ஹை பிரஷர் எரிபொருள் குழாயைத் திரும்பப் பூட்டுகிறார்கள். ஒரு நட் சரியாக இறுகவில்லை. கசியும் எரிபொருள் சூடான எக்ஸாஸ்ட் குழாய் மேல் பட்டால் தீ. எரிபொருள் தெறிக்கக்கூடிய இடத்தில் 220 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பரப்புகளுக்கு இன்சுலேஷன் வேண்டும் என்று சோலாஸ் (கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) சொல்வது இதனால்தான். (கழற்றிய இன்சுலேஷனை ஒழுங்காகத் திரும்பப் போட்டார்களா என்பது இன்னொரு பிழைக்கணக்கு.) இந்த மாதிரித் தவறின் வாய்ப்பைக் கணக்கிடத்தான் தெர்ப் (THERP), ஹார்ட் (HEART), ஸ்லிம் (SLIM) என்ற மூன்று முறைகளும்.

தெர்ப்பின் கையேடு அணுமின் நிலையங்களை மனதில் வைத்து 1983-இல் வந்தது. வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் எண் தேட வேண்டும். கப்பலில் அதற்கு யாருக்கு நேரம்?

ஹார்ட் வேகமானது. வேலையின் வகைக்கு ஓர் அடிப்படைப் பிழை வாய்ப்பு, பிறகு மோசமான சூழ்நிலை ஒவ்வொன்றுக்கும் ஒரு மடங்கால் பெருக்கல். செயல்முறைப்படி பூட்டிச் சரிபார்க்கும் வேலைக்கு 0.003. நேர நெருக்கடியின் உச்ச மடங்கு 11. அதன் தாக்கம் 40 சதவீதம் என்று வைத்தால் (11 − 1) × 0.4 + 1 = 5 மடங்கு, ஆக 0.015. சரி, இதுவரை நியாயம். ஆனால் மோசமான பணிச்சூழலுக்கு அது தரும் உச்சம் 1.15, தூக்கச் சுழற்சி கெடுவதற்கு 1.1. இரண்டையும் முழுதாகச் சேர்த்தாலும் 0.019தான். வெக்கை, இரைச்சல், ஆட்டம், தூக்கமின்மை எல்லாமாகச் சேர்ந்து கால்வாசிதான் கூட்டுமாம்! 24 மணி நேரத்தில் 10 மணி ஓய்வு என்ற விதி பல நாள் தாளோடு நின்றுவிடும் இடத்தில், இதை நான் நம்பத் தயாரில்லை.

ஸ்லிம்மில் பிழையைப் பாதிக்கும் எந்தக் காரணிக்கு எவ்வளவு எடை என்பதை அனுபவசாலிகளே தீர்மானிக்கிறார்கள்; அதை வைத்து ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மதிப்பெண் வரும். வெக்கைக்கு உரிய இடம் அங்கே கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், அந்த மதிப்பெண்ணை நிகழ்தகவாக்க, பிழை விகிதம் தெரிந்த இரண்டு வேலைகளாவது வேண்டும். கப்பல்களில் அப்படிப்பட்ட பதிவு கிடைப்பது அபூர்வம். ஆனால் இன்ஜின் ரூமுக்குப் பெரும்பாலும் வேண்டியது எந்த வேலை அதிக ஆபத்து என்ற வரிசைதான். அதற்கு மதிப்பெண்ணே போதும். அதனால் என் தேர்வு ஸ்லிம்.

தெர்ப்பிலிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்குவேன்: சார்பு, அதாவது ஒருவரின் பிழை அடுத்தவரின் பிழையோடு ஒட்டியிருப்பது. ஃபோர்த் இன்ஜினியர் பூட்டும்போது பக்கத்திலேயே நின்ற செகண்ட் இன்ஜினியரே அதைச் சரிபார்த்தால், அதை அதிகச் சார்பு என்று கொள்ளலாம். அப்போது முதல் ஆள் விட்டதை இரண்டாம் ஆளும் விட்டுவிடப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்கிறது தெர்ப். இரண்டு கையெழுத்து இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது.

எடை போடுவதிலும் இதே சார்பு நுழையும். எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் சீஃப் இன்ஜினியர் சொல்வதுதான் எண். ஃபிட்டரையும் மோட்டார்மேனையும் தனித்தனியாகக் கேட்டு, அப்புறம் ஒப்பிடுங்கள்.